முனைவர் பட்டத்துக்குப் பின் ஓர் இடம்

விஞ்ஞானத் துறையில் முனைவர் பட்டத்துக்காக ஐந்தாறு ஆண்டுகள் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே நெறியாளரின் கண்காணிப்பில், ஒரு பிரச்சினையின் ஒரு சிறு பகுதியோடு மல்லாடி, ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, வைவாவில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, சால்வையும் கைத்தட்டலும் பெற்று வெளியே வருகிற ஓர் இளைஞருக்கோ இளம்பெண்ணுக்கோ அந்தச் சமயத்தில் மிகவும் தேவைப்படுவது, வேறோர் ஊரில், வேறோர் ஆசிரியரிடம், இதுவரை கையாளாத கருவிகளோடு, தாமாகவே ஒரு கேள்வியை எழுப்பி அதற்கு விடை தேடிப் பார்க்க இரண்டு மூன்று ஆண்டு அவகாசம்தான். உலகெங்கும் போஸ்ட் டாக் என்று வழங்கும் இந்த இடைக்கால ஆய்வுப் பணியில்தான் மாணவர் விஞ்ஞானியாக மாறுகிறார். பட்டம் பெறும்வரை கேள்வி பெரும்பாலும் நெறியாளருடையது. அதற்குப் பின்னர்தான் அது தம்முடையதாகிறது. இவ்வளவு முக்கியமான ஒரு பருவத்துக்கு இடம் தேடும் காரியம், நம் மாநிலப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை, முற்றிலும் அந்த இளைஞரின் சாமர்த்தியத்துக்கும், அவருடைய கைடுக்கு எந்த ஊரில் யாரோடு பழக்கம் என்ற தற்செயலுக்கும் விடப்பட்டிருக்கிறது. பல்கலைக்கழகம் தன் பொறுப்பென்று ஏற்றுக்கொள்ள வேண்டிய கடமை இது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்த அநுபவத்தின் மதிப்பை யாரும் மறுக்கவில்லை. ஐ.ஐ.டி.களில் முதல்நிலை உதவிப் பேராசிரியர் பதவிக்கு, முனைவர் பட்டத்துக்குப் பின் மூன்று ஆண்டு அநுபவம் கேட்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளிலோ, உதவிப் பேராசிரியர் பதவிக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைக்க வேண்டியவர்களைத் தரம்பிரிக்கும் அட்டவணையில், ஆசிரியப் பணியையும் போஸ்ட் டாக் பணியையும் சமமாக வைத்து ஆண்டுக்கு இரண்டு மதிப்பெண் வீதம் பத்து வரை ஒதுக்கியிருக்கிறார்கள். ஆக, வேலை கேட்டு வருகிறவரிடம் அந்த அநுபவம் இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுகிற பல்கலைக்கழகம், அதைப் பெறுவதற்கான இடத்தைத் தன் வளாகத்துக்குள் அநேகமாக உண்டாக்குவதில்லை. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நாடெங்கும் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்திருந்தவர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். அவர்களுள் அதிகம் பேர் இருந்தது தமிழ்நாட்டில். இத்தனை பேரை உள்ளே சேர்த்துக்கொள்வதில் காட்டும் உற்சாகம், அவர்கள் வெளியே வரும்போது எங்கே போவார்கள் என்ற விசாரத்தில் இல்லை. உரிய நாளில் பறித்து நடாத நாற்று நாற்றங்காலிலேயே முற்றிவிடும், பிறகு நட்டாலும் தூர் வெடிக்காது என்று தஞ்சாவூர் விவசாயி எவரைக் கேட்டாலும் சொல்வார். பட்டம் வாங்கியும் பழைய ஆய்வுக்கூடத்திலேயே, பழைய நெறியாளரின் தயவில், ஜூனியர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்துக்கொண்டு ஓரிரண்டு ஆண்டைக் கழிக்கிற முனைவர்கள் நம் துறைகளில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

இந்த ஊருக்குப் பழக்கமில்லாத காரியம் என்றும் இதைச் சொல்லிவிட முடியாது. 1952ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைமை ஏற்க ஜி. என். ராமச்சந்திரன் வந்தபோது அவருக்கு முப்பது வயதை ஒட்டிய பிராயம். துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் அந்தப் பொறுப்புக்கு அழைக்க நினைத்தது சர் சி. வி. ராமனை, ராமன் தமக்குப் பதிலாகத் தம் சிஷ்யரைக் காட்டினார். அக்காலத்தில் சென்னைக்கு வந்திருந்த ஜே. டி. பெர்னால் என்னும் ஆங்கில விஞ்ஞானி, தோலுக்கும் எலும்புக்கும் ஆதாரமான கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பைப் பற்றி வெளியாகியிருந்த விளக்கங்கள் எவையும் திருப்தியாக இல்லை என்று சொல்ல, அந்தப் பேச்சே ராமச்சந்திரனுக்கு ஆராய்ச்சிப் பொருளாயிற்று. அவரோடு உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தவர் கோபிநாத் கார்த்தா. ராமச்சந்திரனிடம் போஸ்ட் டாக் ஆய்வாளராக இருந்தவர். கங்காரு வாலின் தசைநாணிலிருந்து கிடைத்த எக்ஸ்-கதிர்ப் படங்களை வைத்துக்கொண்டு, இருவரும் 1954ல் நேச்சர் இதழில் கொலாஜனின் முப்புரி அமைப்பை வெளியிட்டார்கள். கேம்பிரிட்ஜில் பிரான்சிஸ் கிரிக் போன்றவர்கள் இறங்கியிருந்த போட்டியில், ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் புதிய துறை, ஓர் இளம் பேராசிரியரையும் ஒரு போஸ்ட் டாக்கையும் கொண்டு முன்னே நின்றது. கார்த்தா பின்னர் அமெரிக்கா சென்று, 1967ல் ரிபோநியூக்ளியேஸ் என்னும் என்சைமின் அமைப்பைக் கண்டறிந்த குழுவில் முதல்வராக விளங்கினார். ராமச்சந்திரனின் பெயரைத் தாங்கிய வரைபடம் இன்று உலகத்துப் பாடநூல்களிலெல்லாம் இருக்கிறது. அவருடைய துறை நடந்த விதமும் அதே அளவுக்கு நம் நினைவில் இருந்திருக்க வேண்டும்.

இன்று நம் நாட்டில் திறந்திருக்கும் வழிகளைப் பார்ப்போம். மத்திய அரசின் ஆராய்ச்சித் திட்டங்களில் ரிசர்ச் அசோசியேட் என்ற பெயரில் இடங்கள் உண்டு; 2023 ஜனவரி முதல் அதற்கு மாதம் 58,000 ரூபாயிலிருந்து 67,000 ரூபாய் வரையும், அதற்குமேல் வீட்டு வாடகைப் படியும் நிர்ணயித்திருக்கிறார்கள். தேசிய போஸ்ட் டாக் உபகாரச் சம்பளம் என்று ஒன்று உண்டு. விஞ்ஞான, பொறியியல் ஆராய்ச்சி வாரியம் நடத்தி வந்தது, 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அநுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தின் கைக்கு வந்தது. இரண்டு ஆண்டுக்குக் கிடைக்கும். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம், ஐ.ஐ.டி.கள், தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் முதலியவை தம் சொந்த நிதியிலிருந்தும் இடம் தருகின்றன. வழிகள் இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. அவற்றை அடையும் விதத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

ரிசர்ச் அசோசியேட் பணிக்கான விளம்பரம் பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் இணையதளத்தில் ஏதோ ஒரு மூலையில் வெளியாகும். காலியிடம் ஒன்று, வாக்-இன் இண்டர்வியூ, இன்ன தேதி, காலை ஒன்பதரை மணி, அசல் சான்றிதழ்களுடன் வரவும், பயணப்படி வழங்கப்பட மாட்டாது. விளம்பரத்துக்கும் நேர்முகத்துக்கும் இடையே பத்து நாள் இருந்தாலே அதிகம். நாகர்கோவிலிலிருந்து ஒருவர் கடன் வாங்கி டிக்கெட் எடுத்து, இரவு முழுவதும் ரயிலில் உட்கார்ந்து வந்து, அந்த வராந்தாவில் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். உள்ளே கேட்கப்படும் கேள்விகளின் போக்கிலேயே, அந்த இடத்துக்கு உரியவர் அதே ஆய்வுக்கூடத்தில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறார் என்பது பல சமயம் அவருக்கு விளங்கிவிடும். தெரிந்தவரை வைத்துக்கொள்ள விரும்பும் விஞ்ஞானியின் மேல் எனக்குப் பெரிய கோபமில்லை. திட்டத்தின் ஆயுள் மூன்று ஆண்டு, கருவியைப் பழக்கவே ஆறு மாதம் போய்விடும். ஆனால் தேர்வு முன்பே முடிந்துவிட்ட ஓர் இடத்துக்கு இருபது பேரை வரவழைத்து, அவர்களுடைய பணத்தையும் நம்பிக்கையையும் செலவழிக்க வைப்பதை எந்த நிர்வாக நியாயமும் நியாயமாக்காது.

உபகாரச் சம்பளங்களில் வேறொரு முடிச்சு இருக்கிறது. நம் தேசிய திட்டமாகட்டும், ஜெர்மனியின் ஹும்போல்ட் அறக்கட்டளையாகட்டும், ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி திட்டமாகட்டும், ஜப்பானிய விஞ்ஞான வளர்ச்சிக் கழகமாகட்டும், முதலில் உங்களை ஏற்றுக்கொள்ளச் சம்மதிக்கும் ஒரு விஞ்ஞானியைக் கண்டுபிடித்துக்கொண்டு வரச் சொல்கின்றன. பணத்துக்கு முன்னால் ஆள். ஆளுக்கு முன்னால் அறிமுகம். காலமும் ஒரு முடிச்சுதான். தத்துவப் பௌதிகம் போன்ற துறைகளில், அடுத்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கும் பணிக்கு இந்த ஆண்டு இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். மேரி கியூரி திட்டத்தின் கடைசித் தேதி வழக்கமாகச் செப்டம்பரில் வரும். டெல்லியிலும் பம்பாயிலும் பெரிய நிறுவனங்களில் படிக்கிற மாணவர்கள் இதை டீக்கடைப் பேச்சிலேயே தெரிந்துகொள்கிறார்கள். திருநெல்வேலியிலோ சேலத்திலோ ஒரு கல்லூரியின் ஆராய்ச்சித் துறையில், தாம் ஒருவராகவே அந்த ஆண்டில் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, வைவா முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான் இப்படியொரு பருவம் இருந்தது என்பதே தெரியவருகிறது. அவளுடைய அறிவில் குறைவில்லை. சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை.

கடிதம் எழுதுவதையும் அப்படியே யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. தென் மாவட்டக் கல்லூரி ஒன்றில் பட்டம் பெற்ற ஒருவர், தாம் பல நாடுகளுக்கு அனுப்பிய விண்ணப்பக் கடிதத்தைச் சில காலம் முன்பு என்னிடம் காட்டினார். மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம் என்று தொடங்கி, இத்தனை கட்டுரைகள், அவற்றின் இம்பாக்ட் ஃபேக்டர் கூட்டுத்தொகை இவ்வளவு, தங்கள் மேலான வழிகாட்டுதலில் எந்தத் திட்டத்திலும் பணியாற்றத் தயாராக இருக்கிறேன் என்று முடிந்தது. யாருக்கு எழுதினாலும் பொருந்தும் அந்தக் கடிதம் எவருக்கும் எழுதியதாக இல்லை. நீங்கள் என்னதான் கண்டீர்கள் என்று கேட்டேன். சூடாக்கிய கண்ணாடித் தகட்டின் மேல் கரைசலைத் தெளித்து ஜிங்க் ஆக்சைடு மென்படலம் உண்டாக்குவது அவர் வேலை. மழைக்காலத்தில் செய்த படலங்களின் மின்தடை, கோடைக்காலத்தில் செய்தவற்றின் மின்தடையோடு ஒத்துப்போகவே இல்லை என்பதையும், காரணம் புரியாமல் தாமாகவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் அன்றாடம் அறையின் ஈரப்பதத்தைக் குறித்து வந்ததையும், அந்த எண்களில் ஓர் ஒழுங்கு இருப்பதாகத் தமக்குத் தோன்றுவதையும், கைடு அதை ஆய்வேட்டில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டதையும் அவர் அரை மணி நேரம் உற்சாகமாகச் சொன்னார். இதைத்தான் எழுத வேண்டும் என்றேன். மென்படல உணர்விகளில் ஈரப்பதத்தின் விளைவை ஆராய்கிற சிலரை மட்டும் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய கட்டுரைகளை முழுமையாகப் படித்து, தம் நோட்டுப் புத்தகம் எந்த இடத்தில் அவர்களுடைய முடிவுகளோடு மாறுபடுகிறது என்பதை ஒரே பத்தியில் எழுதினார். அந்த எண்களின் பிரதியை அனுப்ப முடியுமா என்று ஒருவரிடமிருந்து பதில் வந்தது.

வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் சரித்திரமும் இதையே காட்டுகிறது. சிதம்பரத்தில் பிறந்த அவர், ஒஹையோவில் 1976ல் பௌதிகத்தில் முனைவர் பட்டம் பெற்ற பின், தமக்கு அத்துறையில் ஆழ்ந்த ஈடுபாடில்லை என்பதை உணர்ந்து, உயிரியலை அடியிலிருந்து படிக்கச் சான் டியாகோவில் மீண்டும் மாணவராகச் சேர்ந்தார். நியூட்ரான் கதிர்களைக் கொண்டு ரிபோசோமின் அமைப்பை ஆராய்வதைப் பற்றி யேல் பல்கலைக்கழகத்தின் எங்கெல்மனும் பீட்டர் மூரும் சயன்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையில் எழுதிய கட்டுரை அவர் கண்ணில் பட, யேலுக்குக் கடிதம் எழுதினார். 1978ல் மூரின் ஆய்வுக்கூடத்தில் போஸ்ட் டாக்காகச் சேர்ந்தார். 2009ல் அவருக்கு நோபல் பரிசு தேடித் தந்தது அந்த ரிபோசோம்தான். படித்ததைப் புரிந்துகொண்டு எழுதிய கடிதம் ஒன்று அந்த வாசலைத் திறந்தது. அந்த போஸ்ட் டாக் முடிந்ததும் அவர் ஆசிரியப் பணி கேட்டு அமெரிக்காவில் ஏறக்குறைய ஐம்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்து ஒன்றிலும் இடம் கிடைக்காமல், ஓக் ரிட்ஜ், புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடங்களில் வேலை பார்த்தார் என்பதையும், பதில் வராத கடிதங்களை எண்ணி மனமுடைந்து கிடக்கும் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஆனால் கடிதம் எழுதும் வித்தையை அவரவர் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொள்ளட்டும் என்று விடுவது தகாது. அது நெறியாளரின் வேலை. ஆய்வேட்டைத் திருத்துவது எப்படியோ அப்படி. சிபாரிசுக் கடிதம் கேட்டால், நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று சொல்கிற வழக்கம் நம் துறைகளில் ஊறிப்போயிருக்கிறது. தம்மைத் தாமே புகழ்ந்து எழுதக் கூசுகிற மாணவர் பொதுப்படையான நாலு வரியை எழுதி வைக்கிறார். அந்த நாலு வரி, மாணவரை ஐந்தாண்டு அருகிலிருந்து பார்த்த ஒருவரின் சாட்சியமாகக் கடல் கடந்து போகிறது. மற்ற நாட்டு ஆய்வாளர்களுக்காக அவர்களுடைய ஆசிரியர்கள் இரண்டு பக்கம் எழுதியிருப்பார்கள்: இன்ன சோதனை தவறியபோது இவர் என்ன செய்தார், எதில் பிடிவாதக்காரர், எதில் இன்னும் கற்க வேண்டும் என்று. தேர்வுக் குழு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நம் மாணவர் தோற்பது விஞ்ஞானத்தில் இல்லை. ஒரு நாள் மாலையை ஒதுக்கி அந்த இரண்டு பக்கத்தை எழுத மனமில்லாதவர், ஆய்வு மாணவரைச் சேர்த்துக்கொள்ளவே கூடாது.

பல்கலைக்கழக அலுவலகத்துக்கும் இதில் பங்குண்டு. ஆய்வேடு சமர்ப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மதிப்பீடு முழுவதும் முடிய வேண்டும் என்பது மானியக் குழுவின் விதி. நடைமுறையில், தேர்வாளர்களின் அறிக்கை வரவில்லை, நினைவூட்டல் போயிருக்கிறது, கோப்பு மேசையில் இருக்கிறது என்ற பதில்களோடு ஓராண்டும் ஓடிவிடுவதுண்டு. அதற்குள் உபகாரச் சம்பளம் நின்று போயிருக்கும். பிராவிஷனல் சான்றிதழ் கையில் இல்லாததால், வந்த ஓர் இடமும் கைநழுவிப் போகும்.

வயது வரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. தேசிய போஸ்ட் டாக் திட்டத்தை வாரியம் நடத்திய காலத்தில் 35 வயது என்பது விதி. பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஐந்தாண்டு சலுகை. எம்.எஸ்சி. முடித்து இரண்டு மூன்று ஆண்டு குடும்பத்துக்காகச் சம்பாதித்து, பிறகு ஆய்வில் சேர்ந்து, அது ஆறேழு ஆண்டு இழுத்து முடிகிற முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இந்த எண் நெருக்கடியானது. ஹும்போல்ட் திட்டமும் மேரி கியூரி திட்டமும் பிறந்த தேதியைப் பாராமல், பட்டம் பெற்று எத்தனை ஆண்டு ஆயிற்று என்று பார்க்கின்றன. மேரி கியூரிக்கு எட்டு ஆண்டு. கல்யாணமும் பிரசவமும் ஆய்வேடும் ஒரே சில ஆண்டுகளுக்குள் நெருக்கியடித்து வருகிற பெண்களுக்கு இந்த அளவுகோலே நியாயமானது. நாமும் அதையே கொள்ள வேண்டும்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. விஞ்ஞானத் துறைகள் உள்ள ஒவ்வொரு மாநிலப் பல்கலைக்கழகமும் இருபது போஸ்ட் டாக் இடங்களைத் தன் பெயரில் உண்டாக்க வேண்டும். மாதம் 67,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வாடகைப் படி நீங்கலாக, ஆண்டுக்கு 1 கோடியே 60 லட்சத்து 80,000 ரூபாய் ஆகும். ஓய்வூதியம் கொடுக்கவே திணறுகிற பல்கலைக்கழகத்திடம் இதைக் கேட்பது நியாயமா என்பார்கள். நிதி நெருக்கடி மெய்தான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நிரப்பப்படாத ஆசிரியப் பணியிடங்களின் வேலையை, முனைவர் பட்டம் பெற்றவர்களைக் கொண்டே சொற்பத் தொகுப்பூதியத்தில் செய்துகொண்டிருக்கிறோம். அரசுக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளரின் மாத ஊதியம் 20,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாயாக உயர்ந்ததே சில ஆண்டுகளுக்கு முன்தான். அவர்கள் வாரம் முழுவதும் வகுப்பெடுத்துவிட்டு, ஆய்வுக்கூடத்தின் கதவைத் தொடாமலே வயதைக் கடக்கிறார்கள். ஒரு முனைவரை உருவாக்க ஐந்தாண்டு செலவிட்ட பொதுப்பணம் அந்த வகையில் வீணாவதையும் கணக்கில் சேர்த்தால், இந்த ஒன்றரைக் கோடி எனக்கு மிகுதியாகத் தோன்றவில்லை. மாநில அரசு பாதியைத் தரட்டும். மீதியை ஆராய்ச்சித் திட்டங்களின் மேல்செலவுத் தொகையிலிருந்து பல்கலைக்கழகம் ஒதுக்கட்டும்.

இடங்களை ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே தேதியில், எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து, இரண்டு மாத அவகாசத்தோடு விளம்பரம் செய்ய வேண்டும். தன்னிடமே முனைவர் பட்டம் பெற்றவருக்கு அதே பல்கலைக்கழகம் இடம் தரலாகாது; கோயம்புத்தூரில் படித்தவர் மதுரைக்கும், மதுரையில் படித்தவர் சென்னைக்கும் போகட்டும். முதல் சுற்று நேர்முகம் காணொலியில் நடக்கட்டும். நேரில் அழைத்தால் பயணச் செலவைக் கொடுக்க வேண்டும். தேர்வாகாதவருக்கு ஏன் தேர்வாகவில்லை என்று மூன்று வரி எழுதி அனுப்ப வேண்டும். இவற்றில் எதற்கும் சட்டத் திருத்தம் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. சிண்டிகேட்டின் தீர்மானம் ஒன்று போதும். விஞ்ஞானத் துறைத் தலைவர்கள் தத்தம் துறைக்கு எத்தனை இடம், எந்த ஆராய்ச்சிக்கு என்ற பட்டியலோடு அடுத்த கூட்டத்துக்கே போகலாம்.